பழைய நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள்

சட்டமன்ற உறுப்பினரிடம் போய்க் குறையைச் சொன்னவர்களுக்கு, வெளியே வந்ததும் அந்தக் குறை மறந்துபோனது. வேறெதுவும் மறக்கவில்லை. வீட்டுக்கு வழி ஞாபகம் இருந்தது, அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் ஞாபகம் இருந்தது, கல்யாணமான புதிதில் நாத்தனார் சொன்ன ஒரு சொல்கூட எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருந்தது. சொன்ன குறை மட்டும் இருந்த இடம் தெரியாமல் போனது. தெருவில் விளக்கு எரியவில்லை என்று சொல்லப்போன சலூன்காரர் அன்றிலிருந்து இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். ஏன் தடவுகிறீர்கள் என்று கேட்டால், சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். சாக்கடை வாசலில் வழிகிறது என்று சொல்லப்போன டீச்சர் தினமும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தாவு தாவினாள்; எதைத் தாண்டுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. பள்ளிக்கூடச் சுவர் சாய்ந்து நிற்கிறது என்று சொல்லப்போன தகப்பன் ஒருவன் மறுநாள் அதே சுவரோரம் மகளை உட்காரவைத்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுவிட்டான். அந்தச் சுவர் பிறகு ஒரு விடுமுறை நாளில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது விழுந்தது. எல்லாம் உறுப்பினருடைய ராசி என்று பேசிக்கொண்டார்கள்.

இது எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இப்படி நடக்கிறது என்று குறை சொல்லப்போனவர்களும் அதை மறந்துவிட்டார்கள். உறுப்பினர் மோசமான ஆள் என்று சொல்வதற்கில்லை. வாரத்தில் ஐந்து நாள் காலையில் அலுவலகம் வந்துவிடுவார். வாசலில் கதவுக்காரர் டோக்கன் கொடுப்பார். கூடத்தில் சுவரோரமாக நீளப் பெஞ்சு. ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவார்கள், கதவைச் சாத்திவிடுவார்கள். உறுப்பினர் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் ஒரு கிளாஸ் நகர்த்திவைத்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். இடையில் பேச மாட்டார், போனை எடுக்க மாட்டார். கடைசியில், "நான் பாத்துக்கறேன்," என்பார். அவ்வளவுதான், சொன்னவர் மனசு பஞ்சாகிவிடும். வெளியே வந்து, "என்ன மனுஷன்யா, சொன்ன உடனே பாரம் இறங்கிடுச்சு," என்பார்கள். பாரம் இறங்கியதை வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டார்கள், அங்கேதான் கோட்டை விட்டார்கள். மூன்று தேர்தலில் அவரே ஜெயித்தார். என் தொகுதியில் குறை என்று சொல்ல ஓர் ஆள் இல்லை என்று மேடையில் பேசினார். அது பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

இதை முதலில் மோப்பம் பிடித்தவள் சாவிக்காரி. மார்க்கெட் வாசலில் தள்ளுவண்டி போட்டுப் பூட்டு ரிப்பேரும் டூப்ளிகேட் சாவியும் செய்துகொண்டிருந்தாள். சந்தேகம் அவளுக்குப் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டது என்பார்கள். பூட்டைப் பிரித்துப் பிரித்து வந்தது என்றும் சொல்லலாம். சாவி செய்யச் சொல்லி யாராவது வந்தால், இது உங்க வீட்டுச் சாவிதானா, எந்தத் தெரு, பக்கத்து வீட்டில் யார் என்று குடைந்தெடுத்துவிட்டுத்தான் அரத்தைக் கையில் எடுப்பாள். கடையில் வாங்கிய ரொட்டியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவாள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரர் ஒரு பைண்டர், அச்சகத்தில் புத்தகம் தைப்பவர், யார் எதைச் சொன்னாலும் அப்படியா என்று வாய் நிறையக் கேட்டுக்கொள்பவர். அவரை அவள் கட்டிக்கொண்டதே, இந்த மனுஷனை ஊரில் யாராவது ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் என்று அவளுடைய அண்ணன் கேலி செய்வார்.

அந்த அண்ணனை வைத்துத்தான் எல்லாம். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் தங்கை வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுக்கொண்டவர். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். வீட்டிலிருந்து இருபது அடி நடந்தால் பஸ் நிறுத்தம். ஏறினால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். அவரும் டிரைவருக்கு வணக்கம் சொல்லி, கண்டக்டரை வம்புக்கிழுத்து, ஏதோ சினிமாவுக்குப் போகிற மாதிரி போய் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் புறவழிச்சாலை திறந்தார்கள். ரிப்பனை உறுப்பினர்தான் வெட்டினார். மறுநாளிலிருந்து பஸ் அந்தப் பக்கமாகவே போய்விட்டது. புது நிறுத்தம் மேம்பாலத்துக்கு அந்தப் புறம் இருந்தது. சாவிக்காரி தள்ளுவண்டியிலிருந்த பூட்டுகளையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, மேலே மெத்தையை விரித்து, அண்ணனை உட்காரவைத்து மேம்பாலத்தின் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனாள். வாடகை வண்டி வாரம் மூன்று தடவை என்றால் கட்டுப்படியாகிற காரியமா. மெஷின் ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டாவது தடவையும் தவறினால் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உறுப்பினரிடம் போய்ச் சொல்லலாம் என்று பைண்டர் கிளம்பியபோது சாவிக்காரி வாசலில் குறுக்கே நின்றாள். சலூன்காரரையும் டீச்சரையும் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வலுத்திருந்தது. தண்ணீரில்தான் என்னவோ கலக்கிறார்கள் என்பது அவள் கட்சி. "அங்க தண்ணி குடிக்காதீங்க. நாற்காலில உக்காராதீங்க. அவர் கண்ணைப் பாக்காதீங்க, சட்டைப் பட்டனைப் பாத்துப் பேசுங்க," என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். அவரும் சொன்னபடி கேட்கிற மனுஷர், தொண்டை வறண்டும் குடிக்கவில்லை, நின்றபடியே பட்டனிடம் எல்லாவற்றையும் சொன்னார். திரும்பி வந்தவர் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பஸ் விஷயம் என்னாச்சு என்று கேட்டாள். "எந்த பஸ் விஷயம்? அதான் நம்ம வாசல்லயே வருதே," என்றார்.

மறுநாள் அவள் சாவி வெட்டப் போயிருந்த நேரத்தில், அவர் மச்சானைக் கைத்தாங்கலாகப் பழைய நிறுத்தத்துக்கு அழைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அவள் தகவல் தெரிந்து ஓடிவந்து பார்த்தபோது அங்கே ஒரு கூட்டமே இருந்தது. முழங்கால் வலிக்காகப் போகிற லாண்டரிக்காரம்மா, கண் ஆபரேஷன் செய்துகொண்ட தபால்காரர், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி, அவளுடைய மாமியார். எல்லோரும் இதே பஸ்ஸைப் பற்றி உறுப்பினரிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள். கூரையின் நிழலில், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு, சாலை வளைவைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். தார்ச்சாலையில் புல் முளைத்திருந்தது, அது யார் கண்ணிலும் படவில்லை. சாயங்காலம் ஆனதும் இன்றைக்குக் கொஞ்சம் லேட் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் வருவார்கள். அண்ணன் மட்டும் நடுவில் உட்கார்ந்து, "பாப்பா, இவங்ககிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. பஸ் வராதுன்னு சொன்னா, எனக்கு உடம்பு முடியலைன்னு சொல்லி விசிறி விடறாங்க," என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வண்டியை எடுத்துவந்து அவரை ஏற்றி, ஓட்டமும் நடையுமாக மேம்பாலம் ஏறினாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரரை விசாரித்தாள். போலீஸ்கூட அப்படி விசாரிக்காது. தண்ணீர் இல்லை, நாற்காலி இல்லை, கண்ணும் இல்லை, அப்படியென்றால் வேறு என்ன இருந்தது அந்த அறையில்? அவர் பிட்டுப் பிட்டு வைத்தார்: மேஜை, மின்விசிறி, ஒரு கடிகாரம், ஜன்னல் கிடையாது. கடைசியில், "கதவு மட்டும் ரொம்ப அருமையான கதவும்மா. சாத்துறதே தெரியலை. சத்தமே இல்லாம மூடிக்குது, வெளியே ஒரு பேச்சு கேக்கலை," என்றார். சாவிக்காரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வாழ்நாளெல்லாம் கதவுகளோடு மல்லுக்கட்டியவள் அவள். கிறீச்சிடுகிற கதவு, இடிக்கிற கதவு, மழைக்கு உப்பிக்கொள்கிற கதவு எல்லாம் பார்த்திருக்கிறாள். சத்தம் போடாமல் மூடிக்கொள்கிற கதவு எதையோ மறைக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் அவளை மாற்ற முடியாது.

மறுநாள் அவள் டோக்கன் வாங்காமல் கூடத்தில் போய் உட்கார்ந்தாள். கதவுக்காரர் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து, எழுந்து சோம்பல் முறிக்கிற பாவனையில் அந்தக் கதவின் சாவித்துளைக்குள் ஓர் உடைந்த சாவித்துண்டைத் திணித்துவிட்டு வந்துவிட்டாள். தொழிலுக்கு வந்ததிலிருந்து ஒரு பூட்டைக் கெடுத்தவள் இல்லை. சாயங்காலம் அறையைப் பூட்ட முடியாமல் கதவுக்காரரே மார்க்கெட்டுக்கு ஓடிவந்தார். அவள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, வேலை நிறைய இருக்கிறது என்று அலுத்துக்கொண்டுதான் போனாள். பூட்டைக் கழற்றினாள். கதவைச் சாத்தினால் சட்டத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிற இரும்பு நாக்கு ஒன்று இருக்குமில்லையா, அதைச் சத்தம் போடாமல் அரத்தால் ராவித் தட்டையாக்கிவிட்டுத் திருப்பி மாட்டினாள். அதற்கப்புறம் கதவைச் சாத்தினால் சாத்தும், கையை எடுத்தால் ஒரு கையகலம் திறந்துகொள்ளும். நாற்காலியை முட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள், நாற்காலி வழுக்கியது. இந்த மாதிரிப் பூட்டு இங்கே கிடைக்காது, வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றாள். எப்போது வரும் என்று உறுப்பினரே கேட்டார். "நான் பாத்துக்கறேன்," என்றாள். அதற்கப்புறம் அவர்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கதவு திறந்துகிடந்த முதல் நாள் காலையிலேயே காரியம் தெரிந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்த தையல்காரர் உள்ளே போனார், சொன்னார், நான் பாத்துக்கறேன் என்ற பதிலை வாங்கிக்கொண்டு வழக்கம்போல வெறும் முகத்தோடு வெளியே வந்தார். அடுத்த டோக்கன் ஒரு நர்ஸ், நூலகம் மூடிக்கிடப்பதைச் சொல்ல வந்தவள். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும், "ஐயா, எங்க தெருக்குழாய்ல ஒரு வாரமா தண்ணி இல்லை," என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். அவள் தெருவில் குழாயே கிடையாது. பிறகு நூலகத்தையும் சொன்னாள். அவளுக்கு இரண்டும் மறந்தது. மூன்றாவதாகப் போன பழக்கடைக்காரர் தண்ணீர், நூலகம், தன் சந்து நாய்கள் என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னார். கதவு சாத்தியிருந்தவரை சொன்ன குறை அந்த அறைக்குள்ளேயே கரைந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கையகல இடைவெளி வழியாக வெளியே வந்து, பெஞ்சில் அடுத்து உட்கார்ந்திருப்பவரிடம் ஏறிக்கொண்டது. கடைசி டோக்கனுக்கு அடுத்து யாரும் இல்லாததால் கதவுக்காரரிடம் ஏறியது. அவர் அதையெல்லாம் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போய், தூக்கத்தில் புலம்பி, காலையில் முதல் வேலையாக உறுப்பினர் முன்னால் கைகட்டி நின்று ஒப்பித்தார். உறுப்பினருக்கு அன்றிலிருந்து மதியச் சாப்பாடு இறங்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது, நூலகம் திறந்தது. ஆனால் யாரும் நன்றி சொல்லவில்லை, ஏனென்றால் தண்ணீர் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது என்று குறை சொல்லப்போனவர்களே நினைத்தார்கள்.

சாவிக்காரி இதையெல்லாம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் அவள் நம்பவில்லை. நாளைக்கு யாரோ ஒரு புத்திசாலி கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டால்? தன் குறை போய் ஏறுகிற ஆள் வாயைத் திறக்காத ஊமைக்கோட்டானாக இருந்துவிட்டால்? தண்ணீர் வராவிட்டால் பக்கத்துத் தெருவில் பிடித்துக்கொள்ளலாம். அவள் சொல்லி, அவளுக்கு மறந்து, பஸ்ஸும் வராமல் போனால் அண்ணனை யார் மேம்பாலம் ஏற்றுவது? வண்டியைத் தள்ள கை இருக்கிறவரை தள்ளிவிட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அப்படித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில், மேம்பாலத்தின் ஏற்றத்தில் கால் வழுக்கியது. வண்டி அண்ணனோடு பின்னால் உருண்டு வந்தது. அவள் முழங்காலைக் கொடுத்து நிறுத்தினாள். அண்ணனுக்குச் சிராய்ப்பு. அவளுக்கு முழங்கால் பிசகிவிட்டது. வழியில் போன ஒரு லாரிக்காரர்தான் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார். எனக்கு மறந்தால் என்ன கெட்டுப்போயிற்று, ஞாபகம் வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்றார். காலில் கட்டோடு அவள் அவரை முறைத்தாள்.

"உனக்கு மறந்துட்டா, நீயும் அவங்களோட போய் சந்தோஷமா உக்காந்துக்குவ. கேக்க ஆளே இருக்காது. எனக்கு மறக்கட்டும், பரவாயில்லை. ஞாபகம் உனக்கு இருக்கணும், உயிர் உன்னோடதுண்ணா."

"நீ என்னைப் பழைய நிறுத்தத்துக்கு இழுத்துட்டுப் போவியே."

"போவேன். நீ கத்து. என்னைத் திட்டு. கேக்கலைன்னா அடி."

"நீ எப்ப பாப்பா என் பேச்சைக் கேட்டிருக்க?" என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அவளுக்குப் பயமாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை, அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் நொண்டிக்கொண்டே போய் டோக்கன் வாங்கினாள். தனக்கு அடுத்து யார் உட்கார்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து இரண்டு தடவை டோக்கனை மாற்றிக்கொண்டு இடம் மாறினாள். கடைசியில், வந்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காய்கறிக்காரம்மாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். உள்ளே போனதும் உறுப்பினர் எழுந்து வணக்கம் சொன்னார். முகம் வாடியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் கதவு திறந்துதான் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பஸ்ஸின் நம்பர், முன்பு வந்த நேரம், எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, எந்த நிறுத்தம், யார் யார் அங்கே காத்திருக்கிறார்கள், அவர்களில் அவள் அண்ணனுக்கு மட்டும் தவறினால் என்ன ஆகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லவே ஒவ்வொன்றும் நழுவுவது அவளுக்குத் தெரிந்தது. முதலில் நம்பர் போனது, பிறகு தேதி. மேம்பாலத்தின் ஏற்றத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் பாத்துக்கறேன்மா," என்றார் அவர். அவளும் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். முழங்கால் ஏன் வலிக்கிறது என்று யோசித்துக்கொண்டே கூடத்தைத் தாண்டிப் போனாள். வழியில் எங்கோ படியில் இடித்துக்கொண்டிருப்பேன் என்று முடிவு செய்தாள்.

அடுத்த மெஷின் நாளன்று அவளும் வீட்டுக்காரருமாக அண்ணனைப் பழைய நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கத்தினார், திட்டினார், தலையணையைத் தூக்கி எறிந்தார். ஒரு வாடகை வண்டியாவது பேசு என்று கெஞ்சினார். வாசலில் பஸ் வரும்போது வண்டி எதற்கு என்று இரண்டு பேரும் சிரித்து, அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள். சாவிக்காரி அவர் தோளைத் தடவிக்கொடுத்து, சாலை வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் முகத்தில் சந்தேகம் என்பதே இல்லை. அதைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு வாங்கினார்.

அவள் போய்ச் சொன்ன நாளிலும் மறுநாளான அந்த மெஷின் நாளிலும் உறுப்பினர் அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. காய்கறிக்காரம்மா மார்க்கெட் கழிவறையைப் பற்றிச் சொல்ல வந்தவள், பஸ்ஸைப் பற்றியும் அவளுடைய பாணியில் அரைமணி நேரம் பொரிந்து தள்ளினாள். அவளுக்குப் பின்னால் பட்டா மாற்ற வந்தவர், விளையாட்டு மைதானம் கேட்டு வந்த கல்லூரிப் பெண், உறுப்பினருக்கு மாலை போட மட்டுமே வந்த கட்சிக்காரர் என்று ஒவ்வொருவரும் அந்த ஆஸ்பத்திரி பஸ்ஸைக் கேட்டார்கள். மாலை போட வந்தவர், மெஷின் தவறினால் அண்ணனுக்குக் கால் வீங்குவதைச் சொல்லிவிட்டு, மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டே போய்விட்டார். சாப்பாடு எடுத்துவந்த உறுப்பினரின் மனைவி டிபன் கேரியரை வைத்துவிட்டு, "ஏங்க, அந்த மேம்பாலத்துல வண்டி தள்ள முடியலைங்க," என்றாள். இத்தனைக்கும் அவர் ஒவ்வொருவரிடமும் நான் பாத்துக்கறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், வாய் பழகிப்போயிருந்தது. இரண்டாம் நாள் மதியம் பொறுக்க முடியாமல் கூடத்தைக் காலி செய்யச் சொன்னார். எல்லோரையும் அனுப்பினார்கள். கதவுக்காரர் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் கதவிடுக்கில் தலையை நீட்டி, பஸ் விஷயத்தை முழுவதுமாகச் சொன்னார். நான் பாத்துக்கறேன் என்றார் உறுப்பினர். கதவுக்காரர் விசிலடித்துக்கொண்டு போய்விட்டார். குறை வெளியே போய்ப் பெஞ்சைப் பார்த்தது, யாரும் இல்லை, திரும்பி உள்ளே வந்து அவர்மேலேயே ஏறிக்கொண்டது.

அதற்கப்புறம் அவர் செய்ததை வைத்து அவரை நல்லவர் என்று யாரும் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அவருக்கு மூச்சு முட்டியது, வேறு வழி இல்லை. காரைக்கூடக் கூப்பிடாமல் போக்குவரத்து அலுவலகத்துக்கு நடந்துபோனார். அங்கே மேலாளர் வெளியே போயிருந்தார். இவர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். மேலாளர் வந்ததும் பஸ்ஸின் நம்பரில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். மேலாளர் பதறி எழுந்து, "நான் பாத்துக்கறேன் ஐயா," என்றார். அந்த வார்த்தை எவ்வளவு தாங்கும் என்று அந்தத் தொகுதியிலேயே நன்றாகத் தெரிந்தவர் இவர்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எப்போ?" என்று கேட்டார். சீக்கிரம் என்றார் மேலாளர். "நாளைக்குக் காலையில எந்த டிரைவர், எத்தனை மணிக்கு எடுக்கறார்? அவரைக் கூப்பிடுங்க, நான் இங்கயே இருக்கேன்," என்றார். டிரைவர் வந்து தலையாட்டியபிறகுதான் கிளம்பினார். அந்த அறைக் கதவுக்கு இன்றுவரை வெளியூரிலிருந்து பூட்டு வரவில்லை, கையகலம் திறந்தேதான் கிடக்கிறது.

காலையில் அண்ணனால் கத்தவும் முடியவில்லை. தங்கையும் மாப்பிள்ளையும் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தத்தில் உட்காரவைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். லாண்டரிக்காரம்மா முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். தபால்காரர் யாரிடமோ வானிலை பேசிக்கொண்டிருந்தார். வளைவில் புல்லை நசுக்கிக்கொண்டு பஸ் திரும்பியது. யாரும் பரபரக்கவில்லை. தபால்காரர் பேச்சை முடித்துக்கொண்டு சட்டையை நீவிவிட்டார், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு மாமியார் கை கொடுத்தாள், பைண்டர் சில்லறையை எடுத்து வைத்துக்கொண்டார். கொஞ்சம் லேட் என்று சாவிக்காரி முணுமுணுத்தாள். சத்தம் கேட்டு அண்ணன் கண்ணைத் திறந்தார். பஸ்ஸின் முகப்பையும் நம்பரையும் பார்த்தார், தங்கையின் கட்டுப்போட்ட முழங்காலைப் பார்த்தார். தோள் குலுங்கத் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். அவள் பதறிப்போய்ப் புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"என்னண்ணா இது, எதுக்கு அழற? பஸ்தானே. தினமும் வர்றதுதானே," என்றாள்.

"ஆமா பாப்பா, தினமும் வர்றதுதான்," என்று சொல்லிவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.